ஆம்ப் ரிப்பேருக்கு 6,800 ரூபாய் கொடுத்தேன், ஸ்பீக்கர் ஊஃபரும் சேர்ந்து எரிஞ்சு போச்சு

வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன். தருமபுரி டவுனில் ஒரு ஆடியோ சர்வீஸ் கடை, பெயர் போடவில்லை. ஆம்ப் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது அசெம்பிள் பண்ணின ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), 5200, 1943 நம்பர் டிரான்சிஸ்டர் ஜோடி போட்டது. முன்பெல்லாம் ஸ்விட்ச் போட்டு ரெண்டு மூணு நொடி கழித்து டிக் என்று ரிலே (ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்) விழும், அப்புறம்தான் பாட்டு வரும். ஒருநாள் அந்த டிக் வரவே இல்லை, இரண்டு பக்கமும் சத்தம் இல்லை.

கடைக்காரர் என் கண் முன்னாலேயே கழற்றி மீட்டர் வைத்துக் காட்டினார். வலது சேனல் டிரான்சிஸ்டரில் எந்தக் காலில் வைத்தாலும் பீப். "ஷார்ட் தம்பி, அவுட்புட்ல டிசி நிக்குது, அதான் ரிலே ஸ்பீக்கரைக் காப்பாத்திட்டு இருக்கு" என்றார். டிசி என்றால் ஒரே திசையில் ஓடும் கரண்ட், அது ஸ்பீக்கருக்குள் போனால் காயில் எரிந்துவிடும். இவ்வளவு விவரமாகச் சொல்கிறவரை யார்தான் நம்ப மாட்டார்கள்? ஒரிஜினல் டிரான்சிஸ்டர், டிரைவர் டிரான்சிஸ்டர், மெயின் கெப்பாசிட்டர், புது ரிலே எல்லாம் சேர்த்து 6,800 என்றார். முன்பணம் 3,000 கொடுத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது. பார்ட்ஸ் பெங்களூரிலிருந்து வரணும், பையன் லீவு, கரண்ட் இல்லை, நாளைக்கு வாங்க. ஒருவழியாகக் கையில் கொடுத்தபோது ஸ்விட்ச் போட்டவுடனே பாட்டு வந்தது. டிக் சத்தம் எங்கே அண்ணா என்று கேட்டேன். "இது புது செட்டிங் தம்பி, இனிமே வெயிட் பண்ணவே வேணாம்" என்று சிரித்தார். மீதி 3,800ஐயும் வாங்கிக்கொண்டார். பில் கேட்டால் "நம்ம கடைல பில்லா?" என்றார்.

வீட்டில் அரைச் சத்தத்தில்தான் ஓடியது. திடீரென்று வலது பாக்ஸில் 'கும்' என்று ஒரு உறுமல், அடுத்து கருகல் வாடை. ஓசூர் கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வந்து திறந்தான். ரிலே வேலையே செய்யாதபடி அதன் இரண்டு முனையையும் ஒயர் துண்டு வைத்துச் சேர்த்து சால்டர் பண்ணியிருக்கிறார்கள்! டிரான்சிஸ்டர் மறுபடி ஷார்ட் ஆனதும் டிசி நேராக ஊஃபர் காயிலுக்குப் போய்விட்டது. செத்த டிரான்சிஸ்டரை உடைத்துப் பார்த்தான், உள்ளே சிலிக்கான் சில்லு கடுகளவுதான், ஒரிஜினலில் பெரிதாக இருக்கும். டூப்ளிகேட். கெப்பாசிட்டரில் பழைய தூசுகூட அப்படியே இருக்கிறது. இதற்கா 6,800?

போன் செய்தால் "நீங்க ஒயரை மாத்தி மாட்டியிருப்பீங்க", அடுத்த முறை "கரண்ட் ஏத்த இறக்கத்துக்கு நாங்க என்ன பண்றது", அதற்கப்புறம் எடுப்பதே இல்லை. நேரில் போனால் கல்லாவில் இருக்கும் பையன் "ஓனர் வெளியூர்" என்கிறான், உள்ளே அவர் குரல் கேட்கிறது.

ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கழற்றின பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன்னால் பாட்டு எதுவும் கொடுக்காமல் ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி வோல்ட் பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி, வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீர்கள். முதல் தடவை ஆன் பண்ணும்போது ஆம்புக்குப் போகும் கரண்ட் லைனில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக (சீரிஸில்) போடச் சொல்லுங்கள், பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். இருந்த டிக் சத்தம் காணாமல் போயிருந்தால் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

6,800 போனது போனதுதான். ஊஃபருக்கு ரீகாயில் பண்ணும் செலவு தனி.