பட்டி ஹாலியா, ரிச்சி வாலன்ஸா: திரையில் பாடுவது யார் தொண்டை?

1959 பிப்ரவரி 3. அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே விழுந்த சிறு விமானத்தில் இறந்தவர்களில் இருவர் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர்கள் பட்டி ஹாலி (22), ரிச்சி வாலன்ஸ் (17). இருவர் வாழ்க்கையும் படமாகியிருக்கிறது: ஹாலிக்கு 1978இல் 'த பட்டி ஹாலி ஸ்டோரி', வாலன்ஸுக்கு 1987இல் 'லா பம்பா'. ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் முதலாவதைப் பாருங்கள்.

கதை மட்டும் என்றால் 'லா பம்பா'தான் மேல். அண்ணன் பாபின் பாசமும் பொறாமையும் கலந்த உறவு, பள்ளிக்கு மேலே விமானங்கள் மோதிய 1957 விபத்து கனவாகத் துரத்துவது எல்லாம் அழுத்தமாக வந்திருக்கின்றன. வாலன்ஸாக வரும் லூ டைமண்ட் பிலிப்ஸின் நடிப்பிலும் குறையில்லை.

பாட்டு தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. அங்கே ஒலிப்பது லாஸ் லோபோஸ் குழுவின் டேவிட் ஹிடால்கோ குரல். அருமையான குரல், அந்தப் பதிவு 1987இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பின்னணிப் பாடலிலேயே ஊறிய நம் காதுக்கு இது பெரிதாக உறுத்தாதுதான். ஆனால் ராக் அண்ட் ரோலில் பாடுவதும் கிதாரை வெட்டி வாசிப்பதும் ஒரே உடம்பின் வேலை. ஹாலி ஒரே அசையை விக்கல்போல நாலாக உடைத்துப் பாடுவார். அந்த வெட்டும் தொண்டையின் துடிப்பும் மயிரிழை விலகினாலும் வாயசைப்பு என்று தெரிந்துவிடும்.

ஹாலி படத்தில் கேரி பியூசி தானே பாடி கிதார் வாசிக்கிறார். டான் ஸ்ட்ரவுட் டிரம்ஸ், சார்ல்ஸ் மார்ட்டின் ஸ்மித் பேஸ் (தாழ்ந்த சுர வாத்தியம்). பாட்டைப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்தார்கள். இது லேசான வேலை அல்ல. ஒவ்வொரு டேக்கிலும் தாளவேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு டேக்கின் படத்தை இன்னொன்றின் ஒலியோடு ஒட்டினால் குச்சி விழும் இடமும் சத்தமும் பொருந்தாது. அந்தச் சிரமத்துக்குப் பலன், ஸ்கேட்டிங் அரங்கக் காட்சியில் பாட்டு அந்தக் கூடத்திலேயே நடப்பதாகக் கேட்கிறது. இசைத் தழுவலுக்கான ஆஸ்கரும் கிடைத்தது.

வரலாற்றுக்காக இந்த ஹாலி படத்தை நம்பாதீர்கள். குளோவிஸில் ஹாலியின் பாடல்களைப் பதிந்த நார்மன் பெட்டி படத்திலேயே இல்லை. ஹாலியின் இசைக்குழுவான கிரிக்கெட்ஸ் குழுவினரின் பெயர்களையும் மாற்றிவிட்டார்கள். முப்பதைத் தாண்டிய பியூசிக்கு இருபது வயது முகமும் இல்லை.

ராக் அண்ட் ரோல் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸ் பற்றிய 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்!' (1989) இன்னொரு வழி: லூயிஸே தன் பாடல்களைப் புதிதாகப் பாடிக் கொடுத்தார், டென்னிஸ் க்வைட் வாயசைத்தார். ஆள் அசல்தான், ஆனால் ஐம்பதைத் தாண்டிய குரல் இருபத்திரண்டு வயதுப் பையனின் வாயிலிருந்து வருகிறது.

'லா பம்பா'வையும் தேடிப் பார்ப்பவர்கள் கிளியர் லேக் கச்சேரிக் காட்சியைத் தவறவிடாதீர்கள். அதில் ஹாலியாக வரும் மார்ஷல் கிரென்ஷா தன் சொந்தக் குரலில்தான் பாடுகிறார்.