கேன்டர்பரி 1942, நியூடவுன் 1943: எதை முதலில் படிக்கலாம்?

போர்க்கால சிட்னியின் ரக்பி லீக்கில் (அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகை) எந்த சீசனிலிருந்து தொடங்குவது என்று பலர் குழம்புகிறார்கள். 1942-இல் கோப்பை வென்ற கிளப் கேன்டர்பரி, 1943-இல் நியூடவுன்.

இறுதி ஆட்டம்: கேன்டர்பரி 11-9, செயின்ட் ஜார்ஜுக்கு எதிராக, மயிரிழையில். நியூடவுன் 34-7, நார்த் சிட்னியைத் துவைத்து எடுத்தது.

சூழல்: 1942 மே 31 இரவு ஜப்பானியக் குறுநீர்மூழ்கிகள் சிட்னி துறைமுகத்துக்குள்ளேயே புகுந்தன. அந்த ஆண்டும் லீக் நடந்தது! 1943 இறுதி ஆட்டத்துக்கோ சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் 60,000 பேருக்கு மேல். நியூடவுனின் முன்கள முரடர் ஃபிராங்க் ஃபாரல், வேலையில் போலீஸ்காரர்.

பிறகு: கேன்டர்பரி அடுத்த கோப்பைக்கு 1980 வரை காத்திருந்தது. நியூடவுனுக்கு அதுவே கடைசி. 1983-க்குப் பிறகு முதல்தர லீக்கிலேயே அந்த கிளப் இல்லை.

பரபரப்பு வேண்டுமென்றால் 1942. ஆட்களின் கதை வேண்டுமென்றால், சந்தேகமே இல்லாமல் 1943.