யாலவா, வில்பத்துவா, குமணவா: அமைதியான காட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு

சிறுத்தையைப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், இலங்கையில் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் தென்கிழக்கில் உள்ள யால தேசியப் பூங்கா. அதில் தவறில்லை. ஆனால் "கூட்டம் இல்லாத இடமாக இருக்க வேண்டும்" என்று கேட்பவர் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால், என் பதில் வடமேற்கில் உள்ள வில்பத்துதான். இரண்டுக்கும் பல தடவை போய்வந்தவன் என்ற முறையில் இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

யாலவின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து வலயங்களாகப் பிரிந்து, சுமார் 979 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது இந்தப் பூங்கா. பெரும்பாலோர் போவது ஏறக்குறைய 141 சதுர கிலோமீட்டர் கொண்ட முதலாம் வலயத்துக்கு. உலகிலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. பற்றைக்காடு, பாறைக் குன்று, கடலோரக் களப்பு என்று நிலம் திறந்து கிடப்பதால், பாறைமேல் படுத்திருக்கும் சிறுத்தை தூரத்திலிருந்தே தெரியும். இலங்கைக் காடுகளில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தைக்கு மேலே வேறு வேட்டை விலங்கு கிடையாது என்பதால், அது அஞ்சி ஒதுங்காமல் வெளியில் நடமாடுகிறது. கதிர்காமம் போகிற வழியில் ஓர் அரைநாள்தான் கையில் இருக்கிறது, சிறுத்தையைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை என்றால் யாலவுக்கே போங்கள்.

ஆனால் அந்த வாய்ப்பைத் தேடி எல்லோரும் அங்கேயே வருகிறார்கள். ஒரு சிறுத்தை தென்பட்டதும் செய்தி ஓட்டுநருக்கு ஓட்டுநர் பறக்கிறது. கடைசியாகப் போன மாலையில் எங்களுக்கு முன்னால் இருபதுக்கும் மேற்பட்ட ஜீப்புகள் நின்றன. மரக்கிளையிலிருந்து தொங்கிய வால் மட்டும் அரை நிமிடம் கண்ணில் பட்டது. பிறகு டீசல் புகையும் பின்னோக்கி நகரும் வண்டிகளின் உறுமலும்தான். என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிறுத்தைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை என்னால் இன்றும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்னொன்று: வரட்சியினால் முதலாம் வலயத்தை வழக்கமாகச் செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதிவரை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் விடுமுறை கிடைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

வில்பத்து இதைவிடப் பெரியது; 1,317 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான். யாலவும் இதுவும் 1938இல் ஒன்றாகவே தேசியப் பூங்கா ஆனவை. பிறகு போர் வந்தது. 1988இல் மூடிய வில்பத்து 2003இல் திறந்து, மீண்டும் மூடி, 2010இல்தான் நிலையாகத் திறந்தது. தெற்கே சுற்றுலா வளர்ந்த ஆண்டுகளில் இந்தக் காடு பூட்டிக் கிடந்தது. இன்றுவரை இங்கே கூட்டம் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

பெயரிலேயே இருக்கிறது இதன் சிறப்பு. வில்லு என்பது மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைப் பள்ளம். சுற்றிலும் மணல் விளிம்பு, அதற்கப்பால் அடர்ந்த காடு. செம்மணல் பாதையில் அரைமணி நேரம் ஒன்றுமே தெரியாமல் போய், திடீரென்று ஒரு வில்லின் கரையில் வண்டி வெளிப்படும்போது கண் கூசும். தண்ணீரோரம் புள்ளிமான் கூட்டம், சேற்றில் முதலை, பட்டமரத்தில் கழுகு. இங்கேதான் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். காத்திருந்தால் காடு தானே பேசும். மான் ஒரு தடவை கூர்மையாகக் கத்தும், மரத்தில் குரங்கு உறுமும், மயில் எழும்பும். சிறுத்தை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அந்தச் சத்தங்களை வைத்தே வழிகாட்டி சொல்லிவிடுவார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் இவற்றில் ஒன்றும் காதில் விழாது.

கரடிக்கும் வில்பத்துதான் என் தேர்வு. மே முதல் ஜூலை வரை பாலைப்பழக் காலம். வன்னிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள, கை நிறைய அள்ளித் தின்ற பழம். கரடிக்கும் அதே ஆசை. மரமேறிக் கிளையை வளைத்துத் தின்னும். உதிர்ந்ததைக் கீழே தேடி வரும். ஒரு ஜூன் காலையில் பாதையிலிருந்து இருபதடி தள்ளி ஒரு கரடி பழம் பொறுக்கியது. அது மூச்சை இழுத்து ஊதும் சத்தம்கூடக் கேட்டது. பின்னால் வந்து நெருக்க வேறு வண்டியே இல்லை.

சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. பூங்காவுக்குள் இருக்கும் பொன்பரப்பியில் கிடைத்த முதுமக்கள் தாழிகளை ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். பணிக்கர் வில்லு போன்ற தமிழ்ப் பெயர்கள் காட்டுக்குள் இன்னும் வழங்குகின்றன.

யானையை மட்டும் வில்பத்துவில் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்கு ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியா தேசியப் பூங்கா இருக்கிறது.

மூன்றாவது, கிழக்குக் கரையில் குமண. பொத்துவில், பாணமை தாண்டி, உகந்தை முருகன் கோயிலுக்கு அருகே நுழைவாயில். பறவைக்காகப் போகிறவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. மே முதல் ஜூலை வரை குமண வில்லின் கண்டல் மரங்களில் நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் கூடு கட்டும். சிறுத்தையும் உண்டு, ஆனால் அதை நம்பிப் போக முடியாது. கதிர்காமத் திருவிழாவுக்கு முன், பாதயாத்திரை அடியார்கள் உகந்தையில் கூடி இந்தக் காட்டின் வழியே நடப்பார்கள். அந்த நாட்களில் காட்டின் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். அடியார்களோடு நடக்க விரும்புகிறவர்களுக்கு அது வேறொரு பேறு.

வில்பத்து என்று முடிவெடுத்தால் அனுராதபுரத்தில் தங்குங்கள். புத்தளம் வீதியில் திம்பிரிவெவச் சந்தியில் திரும்பினால் ஹுனுவில்கம வாயில். அரைநாள் ஜீப் பேசாமல் முழுநாள் பேசுங்கள். காடு பெரியது, நல்ல வில்லுகள் தள்ளியிருக்கின்றன. சோறும் தண்ணீரும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புறப்படும் முன்பே ஓட்டுநரிடம், "ஐயா, எங்களுக்கு ஓட்டம் வேண்டாம், ஒவ்வொரு வில்லிலும் நிறுத்திக் காத்திருப்போம்" என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் சொன்ன நாளில் ஓட்டுநரின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். பிற்பகல் மூன்றரை மணிக்கு அவர் திறப்பைத் திருகி வண்டியை நிறுத்தினார். நாற்பது நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மகள் என் முழங்கையைத் தொட்டாள். எதிர்க்கரை மணலில் ஒரு பெண் சிறுத்தை, பின்னால் ஒரு குட்டி, தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருந்தன.