அலுமினியம் என்று சொல்லி இரும்பைப் பூட்டினார்கள்: இன்டர்கூலர் பைப் போடப்போகிறவர்கள் கவனத்திற்கு

கைதவறி விழுந்த ஒரு 10 எம்.எம். போல்ட்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. பம்பரைக் கழற்றி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போல்ட் ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் பெட்டி) நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. எடுக்கலாம் என்று காந்தக் குச்சியை உள்ளே விட்டேன். போகிற வழியிலேயே அது 'டக்' என்று இன்டர்கூலருக்குக் காற்று கொண்டுபோகும் பைப்பில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன், திரும்பவும் ஒட்டியது. அந்தப் பைப்புக்கு அலுமினியம் என்று சொல்லி என்னிடம் 38,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

வண்டி பழைய ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல். கம்பெனி கொடுத்த இன்டர்கூலர் பம்பர் ஓரத்தில், ஃபெண்டருக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டி. தினசரி ஓட்டத்துக்கு அது போதும். செட்டிப்பாளையம் காரி ரேஸ் டிராக்கில் நாலு ரவுண்டு விரட்டினால் அது சூடேறிவிடும். உள்ளே போகும் காற்று சூடானால் ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை செத்துவிடும். ரீமேப் செய்து, அதாவது ஈசியு மென்பொருளை மாற்றி, பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தம்) 1 பார் வரை ஏற்றிய பிறகு இந்தத் தொல்லை அதிகமானது. சரி, முன்னால் பெரிய இன்டர்கூலர் வைத்துவிடலாம் என்று வாங்கிவிட்டேன். பைப் மட்டும் வண்டிக்கு அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். இரண்டரை இன்ச், மொத்தம் ஒன்பது அடி, ஏழு பெண்டு (வளைவு).

கோவையிலேயே ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. பெயர் வேண்டாம். வாசலில் நாலைந்து ரேஸ் வண்டி நின்றதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். "அலுமினியம், ஆர்கான் வெல்டிங், பைப் முனையில் பீடு உருட்டித் தரணும்ணா" என்று தெளிவாகத்தான் சொன்னேன். பீடு என்றால் ஹோஸ் வழுக்காமல் இருக்கப் பைப் முனையில் உருட்டும் மேடு. "அதெல்லாம் போட்டுறலாங்க சார், நம்மகிட்ட வர்ற எல்லா வண்டிக்கும் அலுமினியந்தானுங்க" என்றார் பட்டறைக்காரர். பத்து நாளில் வேலை முடிந்தது. பைப் முழுக்கச் சுருக்கம் விழுந்த கறுப்புப் பவுடர் கோட்டிங். நானும் அழகாக இருக்கிறதென்று போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் தாளில் 'இன்டர்கூலர் பைப் ஒர்க் - 38,000' என்று எழுதிக் கொடுத்தார்கள். எந்த உலோகம், எத்தனை கேஜ் (தடிமன்), ஒரு வார்த்தை இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் மாதமே பெருந்துறைப் பக்கம் ஒரு லாரியை முந்தும்போது 'பட்' என்று சத்தம். பைப்புகளை இணைக்கும் சிலிக்கோன் ஹோஸ் கழன்று வண்டி மூச்சு வாங்கியது. பட்டறையில் கிளிப்பை இன்னும் இறுக்கி அனுப்பினார்கள். மூன்றே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் கழன்றது. கேட்ட பீடு அங்கே இல்லை, மொழுமொழுவென்று வெட்டிய பைப்பில் சாதாரண ஹோஸ் கிளிப். பூஸ்ட் ஏறும்போது ஹோஸ் வழுக்கிக்கொண்டு வராமல் என்ன செய்யும்? அப்புறம் ஐடிலிங் ஏறி இறங்க ஆரம்பித்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றித் துடைத்தால் துணியில் செங்கல்பொடி மாதிரி வந்தது. தூசி என்று நினைத்தேன். ஏர் ஃபில்டர் புதுசு, தூசி எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை.

காந்தம் ஒட்டிய அன்று பைப்பை எல்லாம் கழற்றி, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து மரச்சுத்தியால் தட்டினேன். கடுகு கொட்டுகிற மாதிரி கொட்டியது. வெல்டிங் பொறி உறைந்து உருண்டையானது கொஞ்சம், துரு பொருக்கு கொஞ்சம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு வெல்டுக்கும் உட்புறம் தழும்பு தழும்பாகத் தெரிந்தது. ஆர்கான் வெல்டிங்கில் இப்படிப் பொறி தெறிக்காது. இது சிஓ2 வெல்டிங். கோட்டிங் வெளியே மட்டும்தான், உள்ளே பச்சை இரும்பு. இன்டர்கூலரைத் தாண்டிய பிறகு வழியில் ஃபில்டர் எதுவும் கிடையாது. இந்தக் கடுகு போகிற இடம் நேராக இன்ஜின்.

பைப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில், "வெல்டு பண்ணுன சூட்டுல அலுமினியம் கொஞ்சம் காந்தம் புடிக்குமுங்க" என்றார். எந்தச் சூட்டிலும் பிடிக்காது. வெல்டே இல்லாத இடத்தில் காந்தத்தை வைத்துக் காட்டியதும் பேச்சு மாறியது. "எம்.எஸ்.தான் சார் ஸ்ட்ராங்கு. அலுமினியம் பூஸ்ட்டுக்கு வெடிச்சிருமுங்க. உங்க நல்லதுக்குத்தான் மாத்திப் போட்டோம்." எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு. கார் டயரில் நாம் அடிக்கிற காற்றே 2.2 பார் இருக்கும். அதில் பாதிகூட இல்லாத 1 பாருக்கு 1.6 எம்.எம். அலுமினியம் வெடிக்குமாம்! கம்பெனிக்காரர்கள் பிளாஸ்டிக் பைப்பிலேயே பூஸ்ட்டைக் கொண்டுபோகிறார்கள். பணம் திரும்பி வரவில்லை. புகார் கொடுக்கவும் தயங்கினேன். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குப் பயந்து, ரீமேப் செய்த வண்டியை வைத்திருப்பவன் எவனும் வெளியே பேசமாட்டான் என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். கையில் இருப்பதோ எஸ்டிமேட் தாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எம்.எஸ். பைப் போடுவது பாவமில்லை. விலை குறைவு, யார் வேண்டுமானாலும் வெல்டு செய்யலாம், அசைத்தாலும் லேசில் விரிசல் விடாது. உள்ளே சுத்தமாகத் தேய்த்து, துரு பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் ஓடும். எடைதான் கூடுதல். இரண்டரை இன்ச், 16 கேஜ் பைப் ஒரு மீட்டருக்கு இரும்பில் கிட்டத்தட்ட 2.4 கிலோ, அலுமினியத்தில் 0.85 கிலோ. எம்.எஸ். என்று சொல்லி எம்.எஸ். விலைக்குக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. 'அலுமினியம் காற்றைக் குளிரவைக்கும், இரும்பு சூடாக்கும்' என்று சிலர் சொல்வதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டர்போவிலிருந்து 120, 130 டிகிரியில் வரும் காற்று கண் இமைக்கும் நேரத்தில் பைப்பைக் கடந்துவிடும். குளிரவைப்பது இன்டர்கூலரின் வேலை.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாம் என்றால் அங்கே வேறு ஏமாற்று இருக்கிறது. 304 என்ற உயர்ந்த ரகம் என்று சொல்லி, மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுகிற 202 பைப்பைத் தள்ளிவிடுவார்கள். இரண்டுமே காந்தம் பிடிக்காது என்பதால் காந்தம் உதவாது. 304 சோதிக்கிற திரவம் பைப் கடைகளில் கிடைக்கும். ஒரு சொட்டு விட்டு, கூட வரும் சின்ன பேட்டரியைத் தொட்டால் 202 என்றால் சிவக்கும். எஸ்.எஸ். வெல்டு செய்யும்போது பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். விடாவிட்டால் உட்புறம் கருகிப் பொரிந்து, பிறகு உதிரும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் பக்கமே போகாதீர்கள், துத்தநாகப் புகை வெல்டருக்கே ஆகாது.

அலுமினியம் கேட்டுப் போகிறவர்கள் முதலில் பட்டறையின் வெல்டிங் மெஷினைப் பாருங்கள். அலுமினியத்துக்கு ஏசி ஓடும் ஆர்கான் மெஷின் வேண்டும், டிசி மட்டும் உள்ளதில் நடக்காது. எனக்குச் செய்த பட்டறையில் டிசி மட்டும்தான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம், எந்தப் பைப்பாக இருந்தாலும் பெயின்ட்டோ கோட்டிங்கோ போவதற்கு முன்னால் மொட்டையாகக் கையில் வாங்கிப் பாருங்கள். காந்தம் வையுங்கள், உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள், வெல்டு மேல் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடிக்கச் சொல்லுங்கள். உலோகத்தின் பெயர் பில்லில் இருக்கட்டும். மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வேறொரு இடத்தில் 6063 ரக அலுமினியத்தில் ரெடிமேட் பெண்டு வாங்கித் திரும்பச் செய்துகொண்டேன். வெல்டர் ஒவ்வொரு துண்டையும் கோட்டிங் இல்லாமல் என் கையில் கொடுத்தார். முனையில் பீடு, ஹோஸை இறுக்கிப் பிடிக்க டி-போல்ட் கிளாம்ப். இன்டர்கூலரையும் கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது, அதிலிருந்தும் ஒரு கைப்பிடி வந்தது. பிளக் ஓட்டை வழியாகக் கேமரா விட்டதில் மூன்றாவது சிலிண்டர் சுவரில் மெல்லிய கீறல். கம்ப்ரஷன் இப்போதைக்குச் சரியாக இருக்கிறது.

பழைய பைப் மொட்டைமாடியில் ரெண்டு மழை நனைந்து கிடந்தது. போன வாரம் பழைய இரும்புக்காரர் தெருவில் வந்தார். "அலுமினியம்னு சொல்லிக் குடுத்தாங்கண்ணா" என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பீக்கர் காந்தத் துண்டை எடுத்து வைத்தார், ஒட்டியது. ஆறே முக்கால் கிலோ, இரும்பு விலைக்கு 190 ரூபாய்.