‘ஸ்பெஷல் கிட்’ என்று தனியாகப் பணம் கேட்டால் கட்டாதீர்கள்

பெயர் போடவில்லை. ஊர், மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் கடலோரம். அதுபோதும். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. 11 வருடமாக அந்தக் கிருமியை அடக்கி வைக்கிற ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறேன், ராத்திரிக்கு ஒன்று. ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கிற வைரல் லோடு பரிசோதனையில் கடைசியாக கிருமி தென்படவே இல்லை. பிழைப்பு நண்டு உரிப்பது. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி.

கர்ப்பப்பையில் கட்டி. நண்டுக் கூடத்தில் உட்கார்ந்த பலகை நனைகிற அளவுக்கு உதிரம் போனது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி தள்ளிக் கிடைத்தது. அதுவரை தாங்காது என்று பயந்து ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் சேர்த்து 45 ஆயிரம் என்றார்கள். அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது எங்கள் பக்கம் யாரிடம் போய்க் கைமாற்று கேட்பது? தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்தேன்.

டாக்டரம்மாவிடம் என் விஷயத்தை நானே சொன்னேன். அவர்கள் கொடுக்கிற மருந்து என் மாத்திரையோடு ஒத்துப்போக வேண்டுமே. அவர் முகம் மாறவில்லை. “ஒன்னும் பிரச்சனை இல்லம்மா, காலையில செஞ்சிரலாம்” என்றார். முகம் மாறியது பில் கவுண்டரில்.

“ஒங்க கேஸுக்கு ஸ்பெஷல் கிட் போடணும்க்கா. தனியா 22 ஆயிரம்.”

கிட் என்றால் ஆபரேஷன் செய்கிறவர்கள் போடுகிற பாதுகாப்பு உடுப்பு. ரசீது கேட்டேன். “கம்ப்யூட்டர்ல ஏத்துனா ஒங்க விஷயம் நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்க்கா. வெள்ளைத் தாள்ல எழுதித் தர்றேன்.”

இந்த இடத்தில்தான் ஏமாந்தேன். எவ்வளவு பேசலாம், அடித்துக் குறைக்கலாம். மீன் ஏலத்தில் பத்து ரூபாய்க்குச் சண்டை போடுகிறவள் நான். ஆனால் ‘நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்’ என்றதும் வாயடைத்துப்போய் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே என் கேஸ் ஷீட்டின் மேல் எச்.ஐ.வி. என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டிலில் மாட்டிவிட்டார்கள், போகிற வருகிறவர்கள் எல்லாம் படிக்கிற மாதிரி. ராத்திரி ஆயா எனக்குப் பால் கொண்டுவந்தார். டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு, இன்னும் காயவில்லை. “கோவிச்சுக்காத தாயி, மேல சொன்னாக” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

காலையில் தியேட்டர் ஏசி ரிப்பேர் என்றார்கள். பக்கத்துக் கட்டில் பெண்ணை 9 மணிக்கு அதே தியேட்டருக்குத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை மதுரைக்குப் போகச் சொன்னார்கள். கட்டிய 67 ஆயிரத்தில் திரும்பி வந்தது 36. பெட்டுக்கும் டெஸ்டுக்கும் 9 போக, கிட் ‘பிரிச்சாச்சு’ என்று 22 போனது. பிரித்த கிட்டைக் காட்டச் சொன்னேன், யாரும் காட்டவில்லை. பிறகு மருந்துக் கடையில் விசாரித்தேன். கவுன், கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் ஏப்ரன் எல்லாம் சேர்த்து 1,500-ஐத் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் நண்டுக் கூடத்தில் சூப்பர்வைசர் தம்பி வாசலிலேயே நிறுத்தினார். “மதினி, கொஞ்ச நாள் வீட்ல இருங்க.” ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு பையனுக்கு அடுத்த தெருவில் சொந்தம் இருக்கிறதாம். 11 வருடம் இதே கையால் உரித்த நண்டுதான். சாப்பாட்டில் இது பரவாது என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம்தான் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்து அக்கா சட்டத்தை எடுத்துச் சொன்னார். 2017-இல் போட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. இந்த நோயைக் காட்டி வைத்தியம் மறுக்கக்கூடாது, வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. என் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவும் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உடுப்பு கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. கையுறையும் ஏப்ரனும் எந்த நோயாளியைத் தொட்டாலும் போட வேண்டியதுதானே, எனக்கென்று என்ன ஸ்பெஷல்? இந்தச் சட்டப்படி வருகிற புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் உண்டு. 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். கேஸ் என்று போனால் பெயரை மறைத்து நடத்தும்படி கேட்கலாம். இது முன்பே தெரிந்திருந்தால் கவுண்டரில் வாயடைத்து நின்றிருக்க மாட்டேன். சந்தேகம் கேட்க 1097, காசில்லாத நம்பர். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் உதவி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கிடைக்கும்.

ஆபரேஷன் கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில், காப்பீட்டு அட்டையில் நடந்தது. தங்கத் தட்டில் வைத்துத் தாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். நர்ஸம்மா கத்தினார், ஆனால் வார்டு முழுக்க எல்லோரையும் ஒரே மாதிரி கத்தினார். எனக்கு அது ஒரு நிம்மதி.

புகார் போயிருப்பதால் அந்த ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதவில்லை. ‘கிட் 22,000’ என்று கவுண்டர்காரர் கைப்பட எழுதின வெள்ளைத் தாளை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தேன். வக்கீலம்மா முதலில் கேட்டது அதைத்தான். உங்களிடம் கேட்டாலும் கம்ப்யூட்டர் பில் இல்லாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். திரும்பி வந்த பணத்தில் சங்கிலியை மீட்டுவிட்டேன். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.