காஸ்ட் அயர்ன் புல்லட்: இழுவை எங்கே போனது?

வார்ப்பிரும்பு (காஸ்ட் அயர்ன்) சிலிண்டர் கொண்ட 1986 மாடல் என்ஃபீல்டு புல்லட் 350. பெரியப்பா வேலைக்கு ஓட்டிய வண்டி. அவர் ஓய்வு பெற்ற பிறகு மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பல ஆண்டுகள் நின்று, பிறகு வேலூருக்கு என்னிடம் வந்தது. டேங்க், மட்கார்டு, ஒயரிங், டயர், சக்கர பேரிங் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து, இப்போது அலுவலகத்துக்கும் அதில்தான் போகிறேன். விடுமுறை நாட்களில் ஏலகிரி, ஜவ்வாது மலை.

பெயிண்ட் பற்றியும் குரோம் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை. காசும் பொறுமையும் இருந்தால் அவை நடந்துவிடும். பழைய புல்லட்டை எடுத்துக் கட்டும் பலரை அலைக்கழிப்பது வேறொன்று: எல்லாம் பளபளப்பாக முடிந்து, முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகி, ஊரைத் தாண்டியதும் வண்டி இழுக்காமல் போவது. என் வண்டியிலும் அதுதான் நடந்தது. 50 கிலோமீட்டர் வேகம் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் கூடியது, வேகம் கூடவில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டி வந்தது. 346 சிசி இன்ஜின், 18 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிதல்ல என்றாலும், இருவரை ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில் மலையேறப் போதுமானது. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). கீழ்வேகத்தில் இழுப்பதற்கென்றே வடிவமைத்த இன்ஜின் திணறுகிறது என்றால் எங்கோ ஏதோ தவறாக இருக்கிறது.

காட்டிய இரண்டு பட்டறைகளிலும் ஒரே பதில்: "போர் தேய்ந்துவிட்டது தம்பி, பிஸ்டன் செட் மாற்றிவிடலாம்." நான் சம்மதிக்கவில்லை. காரணம் கிக்கர். இந்த இன்ஜினில் கம்ப்ரஷன் வரும் இடத்தில், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் இடத்தில், கிக்கரின் மேல் ஏறி நின்றால், நல்ல வண்டி உடல் எடையைச் சிறிது நேரம் தாங்கிப் பிறகே மெதுவாக இறங்கும். பிஸ்டன் ரிங்கோ வால்வோ போன வண்டியில் கால் உடனே கீழே போய்விடும். என் வண்டி தாங்கியது. பைப்பில் நீலப்புகையும் இல்லை. பிறகு எதற்காக சிலிண்டரைக் கழற்றி லேத்துக்கு அனுப்பவேண்டும்? தேவையில்லாமல் ஒருமுறை போர் போட்டால், அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கினால், சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கை இழக்கிறோம். அதைத் திரும்பப் பெற வழியில்லை.

இழுவை குறைந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "எது பழுது?" என்பதல்ல, "எப்போது குறைகிறது?" என்பதுதான் என்று நினைக்கிறேன். குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பிறகா? ஆரம்பத்திலிருந்தா, சில கிலோமீட்டர் போன பிறகா? எல்லா வேகத்திலுமா, மேல்வேகத்தில் மட்டுமா? இந்தப் பதில்களைக் குறித்துக்கொண்டே போனால் சந்தேகப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். புதுப்பித்த வண்டியில் பழைய பாகத்தைவிடப் புதிதாகப் போட்டதையே முதலில் சந்தேகிக்கவேண்டும். என் வண்டியில் இருந்த குறைகளில் பெரும்பாலானவை மாட்டுக்கொட்டகையில் வந்தவை அல்ல, புதுப்பித்தபோது வந்தவை.

காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்தேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். பிரேக் ஷூ உரசவில்லை, செயினும் இறுக்கமாக இல்லை. காற்று வடிகட்டிக் குழாயைக் கழற்றி, ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கச் சொல்லி கார்புரேட்டரின் வாயைப் பார்த்தேன்; காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு முழுக்க மேலே ஏறியது. புதிதாகப் போட்ட கேபிளின் நீளம் சரியில்லாவிட்டால் ஸ்லைடு முழுதாக ஏறாமல் நின்றுவிடலாம் என்பதால் இதை யாரும் விட்டுவிடக்கூடாது. அடுத்து கிளட்ச். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாமல் இருப்பதற்கு கிளட்ச் வழுக்குவதும் ஒரு காரணம். மேட்டில் மேல் கியரில் முறுக்கியபோது இன்ஜின் சுற்று தனியாக எகிறவில்லை, வேகத்தோடு சேர்ந்தே திணறியது. கிளட்சும் பட்டியலிலிருந்து போயிற்று.

உதைக்கும் முன் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்ற உதவும் டீகம்ப்ரசரில் ஒரு குறை கிடைத்தது. புதுப்பித்தபோது சற்று உயரமான ஹேண்டில்பார் போட்டிருந்தோம். அதனால் டீகம்ப்ரசர் கேபிள் விறைத்துப்போய், தலைப்பகுதியில் உள்ள அந்தச் சிறிய வால்வு முழுதாக உட்காராமல் நூலளவு திறந்தே இருந்திருக்கிறது. அதன் வாயைச் சுற்றிக் கரிபடிந்த ஈரக்கறை இருந்ததால் பிடிபட்டது. கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுத்ததும் கறை நின்றது, கிக்கரும் முன்பைவிடக் கெட்டியாயிற்று. இழுவையில் தெரிந்த வித்தியாசம் என்னவோ சிறிதுதான்.

சைலன்சரையும் கழற்றிப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டிகளின் சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டிவைத்திருப்பதை வேறு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்தது டேங்க் மூடி. ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் வண்டி மேலும் சோர்ந்து, இருமி, சில நேரம் நின்றேவிடும். ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இது எரிபொருள் வரத்துக் குறைவு என்பதற்கான தெளிவான அடையாளம். குழாயைக் கழற்றி பாட்டிலில் பிடித்தால் பெட்ரோல் முதலில் தாராளமாக விழும், பிறகு ஒல்லியாகி, சொட்டாகும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே பாயும், பெட்ரோல் மறுபடி தாராளமாக விழும். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போயாகவேண்டும். அதற்கான நுண்துளை மூடியில் இருக்கிறது. மூடிக்குப் புதுக் குரோம் பூசியவர்கள் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டிருந்தார்கள். மெல்லிய ஊசியால் குத்தியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. இதற்காகத் தேவையில்லாமல் கார்புரேட்டரே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அசல் நோய் அப்படியே இருந்தது. வண்டி இப்போது நிற்காமல் ஓடியது, அதே 50இல் அதே திணறல். கூடவே இன்னொன்றையும் கவனித்தேன். சிலிண்டரிலிருந்து வளைந்து இறங்கும் புது சைலன்சர் பைப்பின் குரோம், வளைவில் முதலில் வைக்கோல் மஞ்சளாகி, பிறகு ஊதாவாகி, ஆழ்ந்த நீலமாகிவிட்டிருந்தது. அளவுக்கு மீறிய சூடு. இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள்: பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை, அல்லது தாமதமாக விழும் ஸ்பார்க். கலவை குறைந்திருந்தால் சோக்கைச் சிறிது இழுத்ததும் வண்டி தேறவேண்டும். தேறவில்லை. மிஞ்சியது டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெட்ரோல் கலவை பற்றி எரிய எடுத்துக்கொள்ளும் நேரம் இன்ஜினின் வேகத்துக்கு ஏற்றபடி பெரிதாகக் குறைவதில்லை. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 60 மில்லி விநாடி கிடைக்கிறது. 4,000 சுற்றில் 15 மில்லி விநாடிதான். ஆகவே வேகம் கூடக்கூட, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு இன்னும் முன்கூட்டியே ஸ்பார்க் விழவேண்டும். விழாவிட்டால் பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதும் கலவை எரிந்துகொண்டிருக்கும். தள்ளுவதற்குப் பயன்படவேண்டிய வெப்பம் வெளிவால்வு வழியாகப் பைப்புக்குப் போகும். கீழ்வேகத்தில் குறை தெரியாதது, மேல்வேகத்தில் இழுவை போனது, பைப் நீலமானது ஆகிய மூன்றுக்கும் இது ஒன்றே விளக்கமாகிவிடுகிறது.

இந்த வண்டியில் ஸ்பார்க்கை முன்னே தள்ளும் வேலையைச் செய்வது ஆட்டோ அட்வான்ஸ். பாயிண்ட் என்பது திறந்து மூடி ஸ்பார்க்கை விழவைக்கும் மின்தொடர்பு. வலதுபக்கம் பாயிண்ட் மூடியைக் கழற்றி, பாயிண்ட் பிளேட்டையும் எடுத்தால் ஆட்டோ அட்வான்ஸ் பின்னால் தெரியும். இரண்டு சிறு எடைகள், இரண்டு ஸ்பிரிங்குகள், நடுவில் பாயிண்டைத் திறக்கும் கேம். சுற்றுவேகம் கூடினால் எடைகள் வெளியே விரிந்து கேமைத் திருப்பும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் திரும்ப இழுத்துக்கொள்ளும். சோதிப்பது எளிது. கேமை விரலால் அதன் எல்லை வரை திருப்பிவிட்டால் "டக்" என்று பழைய இடத்துக்கு வரவேண்டும். என் வண்டியில் கேம் திரும்பவே மறுத்தது. பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகி, எடைகள் நிற்கும் ஊசிகளில் துரு பிடித்து, மொத்தமும் கட்டிப்போயிருந்தது. இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஐட்லிங்குக்கான (நின்றபடி மெதுவாக ஓடும்போதைய) ஸ்பார்க்தான் விழுந்துகொண்டிருந்தது.

கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊசிகளை மிக மெல்லிய எமரித் தாளால் துடைத்து, துளி இன்ஜின் ஆயில் விட்டேன். மறுபடி கிரீஸ் வைக்கக்கூடாது, அதுதான் காய்ந்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. ஸ்பிரிங்குகள் நன்றாக இருந்தன. அவை தளர்ந்திருந்தால் நேர் எதிரான தொல்லை வரும்: ஸ்பார்க் சீக்கிரமே முன்னேறி, ஏற்றத்தில் இன்ஜின் தட்டும், உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடிக்கும்.

பிறகு டைமிங். பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொண்டு, பிளக்கைக் கழற்றி, நான்காம் கியரில் பின்சக்கரத்தை மெல்ல முன்னே சுற்றவேண்டும். வால்வுகளைத் திறக்கும் இரண்டு புஷ் ராடுகளும் தளர்வாக இருக்கும் உச்சியே கம்ப்ரஷன் உச்சி. எடைகள் சுருங்கிய நிலையில், பிஸ்டன் அந்த உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்கவேண்டும். திறக்கும் கணத்தைக் காட்டித்தர இந்த வண்டியிலேயே ஒரு கருவி இருக்கிறது: ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்மீட்டர். விளக்குகளை அணைத்து, சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும் வரை முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். திறந்ததும் நடுவுக்குத் துள்ளும். சிகரெட் தாளைச் செருகி இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு ஆம்மீட்டர்தான் நம்பகம். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியே விட்ட கம்பியில் 0.8ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓட்டிப்பார்த்து, மேட்டில் தட்டும் ஓசை வருகிறதா என்று கேட்டு, இம்மியளவு முன்பின் நகர்த்தித்தான் முடிவுசெய்யவேண்டும்.

அன்று மாலை வாணியம்பாடிச் சாலையில் வண்டி 70ஐத் தாண்டியபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கவேண்டியதில்லை. ஏலகிரியை மூன்றாம் கியரிலேயே ஏறினேன், மிகக் கூர்மையான வளைவுகளைத் தவிர.

அதற்குப் பிறகான ஆண்டுகளின் அனுபவம். வால்வு இடைவெளியை அமைக்கும் டேப்பட்டை, வண்டி ஆறியிருக்கும்போது, புஷ் ராட் விரலால் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது என்ற அளவில் வைத்தால் நெடுநாள் மாறுவதில்லை. இறுக்கமாக வைத்தால் வால்வு முழுதாக மூடாது, சூட்டில் கம்ப்ரஷன் போய்விடும். "சத்தம் வராமல் இருக்க" கொஞ்சம் இறுக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவேண்டாம்.

பாயிண்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டன்சர்தான் என்னை அதிகம் சோதித்த பொருள். பழையது ஒழுங்காக ஓடியது. புத்தம்புதிய மலிவு கண்டன்சர் போட்டபோது, சூடேறியதும் மிஸ்ஸிங் வந்தது, பாயிண்ட் முகம் கருகிக் குழிவிழுந்தது. ஓடும்போது பாயிண்டில் பெரிய நீலப் பொறி தெரிந்தால் கண்டன்சர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது நல்லதாக ஒன்றைக் கருவிப்பையில் எப்போதும் வைத்திருக்கிறேன். பாயிண்டையே தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமே என்று கேட்கிறார்கள். போடலாம், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் நடுவழியில் பழுதானால் பாயிண்டை ஒரு அரமும் ஃபீலர் கேஜும் கொண்டு சரிசெய்துவிடலாம், அந்தப் பெட்டியை முடியாது. மலைப்பக்கம் போகிறவன் என்பதால் எனக்குப் பாயிண்டே போதும்.

கார்புரேட்டர் மிக்கார்ப் வி.எம். 24. ஹெட்டோடு சேரும் அதன் முகப்பை இரண்டு நட்டுகள் பிடித்திருக்கின்றன. பலங்கொண்டு இறுக்கினால் முகப்பு வளைந்து, நடுவில் காற்று நுழையும். ஐட்லிங் நிலையில்லாமல் ஏறி இறங்கினால் அதை முதலில் பாருங்கள். என்னுடையதும் ஏற்கனவே யாரோ இறுக்கி வளைந்திருந்தது. கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கெட் போட்டதும் நின்றது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய் மிருதுவாகி ஊறத் தொடங்கியது. எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றிவிட்டேன். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் அதே ஜெட்டில் (பெட்ரோல் வரும் நுண்துளையில்) கலவை மெலிகிறது. கார்புரேட்டர் ஸ்லைடில் உள்ள ஊசியை ஒரு பள்ளம் உயர்த்தி வைத்ததில் நடுவேகத்துத் திணறல் போயிற்று. நெடுநாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்துவிடுங்கள்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று தயங்கத் தேவையில்லை. இந்த இன்ஜின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டிருந்ததால், சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கிறது. புதுப் பாகத்தையும் பழைய பாகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். பழைய ஆட்டோ அட்வான்ஸ் நல்ல நிலையில் கிடைத்தால், ஊசிகளில் ஆட்டம் இல்லாதவரை, அதையே எடுத்துக்கொள்வேன்.

என் வண்டியில் இப்போது பாக்கி இருப்பது கார்புரேட்டர் ஸ்லைடு. தேய்ந்து, ஐட்லிங்கில் கடகடவென்று ஆடுகிறது. மழைக்காலம் முடிந்ததும் மாற்றவேண்டும். போர் மட்டும் இன்னும் போடவில்லை. கிக்கர் இன்றைக்கும் என் எடையைத் தாங்குகிறது.