குதிக்கும் ஆளா, வீசும் கயிறா? பிள்ளைகளை நீருக்கு அழைத்துச் செல்வோருக்கான ஒப்பீடு

2023 பிப்ரவரியில் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி 4 பள்ளி மாணவிகள் இறந்தார்கள். கால்பந்துப் போட்டிக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்திருந்த பிள்ளைகள். அதற்கு முன்பு, 2020 ஆகஸ்ட்டில், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 4 இளைஞர்கள் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கிருந்த 3 பெண்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரைசேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது.

முகாமுக்கு வரும் பிள்ளைகளோடு நீர்த்துறைக்குக் கிளம்பும்போதெல்லாம் இந்த இரண்டும் என் நினைவுக்கு வருகின்றன. "நம்மோடு நல்ல நீச்சல்காரர் ஒருவர் வருகிறார், பயமில்லை" என்று யாராவது சொல்லாத பயணமே கிடையாது. அந்த ஒருவரை நம்பிப் போவதா, அவர் குதிக்கவே வேண்டியிராதபடி ஏற்பாடு செய்துகொண்டு போவதா? நான் இரண்டாவது கட்சி.

எங்கே இறங்குவது

கடலை முதலிலேயே தள்ளிவிடலாம். உயிர்காப்பாளர் பணியில் இல்லாத கடற்கரையில் கூட்டமாகப் பிள்ளைகளை இறக்குவதை எந்த ஏற்பாடும் நியாயப்படுத்தாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் முழங்கால் ஆழத்தில் நிற்பவனையும் தடுமாற வைக்கும்.

கிணறு வேறு வகை. முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டி மாமாவோ சித்தப்பாவோ கற்றுக்கொடுக்க, கிணற்றில் நீந்தப் பழகியவர்கள் நம்மில் ஏராளம். நீரோட்டம் கிடையாது, எந்த மூலைக்கும் கயிறு எட்டும். ஒருவருக்கு ஒருவர் கற்றுக்கொடுக்க அது நல்ல இடம். இருபது பேருக்கு ஆகாது. கடைசிப் படிக்கு அடுத்த அடியே ஆள் ஆழம்.

ஆற்றுக்கும் நீச்சல் குளத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு தரை தெரிவதுதான். குளத்தில் ஆழம் எழுதப்பட்டிருக்கிறது, மூழ்கிக் கிடப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். மணல் அள்ளிய ஆற்றில் இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் குழிக்குள் போகிறான். போன ஆண்டு பார்த்த இடம் இந்த ஆண்டு அப்படியே இருக்காது. மேலே அணையில் நீர் திறந்தால் நிலைமை இன்னும் மாறும். ஆறுதான் என்று முடிவெடுத்தால், பெரியவர்கள் இருவர் மிதவைச் சட்டை அணிந்து, கழியால் ஊன்றிப் பார்த்து, நான்கு மூலையிலும் கொடி நட்ட பிறகே பிள்ளைகள் இறங்க வேண்டும். நீந்தத் தெரியாதவர்களுக்கு மூன்றரை அடி ஆழம் வரைதான் என்பது அமெரிக்கச் சாரணர் விதி. நமக்கும் பொருந்தும்.

எப்படிக் கவனிப்பது

நம் வழக்கம் தலை எண்ணுவது. இறங்கும்போது எண்ணி, ஏறும்போது எண்ணுகிறோம். இந்த முறை ஒரு பிள்ளை குறைகிறது என்று சொல்லும், எப்போது குறைந்தது என்று சொல்லாது. மூழ்குபவர் நீர்ப்பரப்பில் போராடுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். அதுவும் ஓசையில்லாமல் நடக்கும். கையை ஆட்டிக் கூப்பிட அவரால் முடியாது. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும், வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். பார்ப்பவருக்கு அது விளையாட்டாகவே தோன்றும்.

ஜோடி முறை இதைவிட மேல். ஒரே அளவு நீந்தத் தெரிந்த இருவரைச் சேர்த்து, ஜோடிக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில். உடனே இருவரும் கைகோத்து உயர்த்தி எண்ணைச் சொல்ல வேண்டும். துணை எங்கே என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டே இருப்பதால், கண்கள் பல மடங்காகின்றன. ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தோழி தவிப்பதைக் கண்டால் பிள்ளை கை நீட்டிப் பிடிக்கப் போகும், பிடித்ததும் இருவரும் போவார்கள். எனவே துணையின் வேலை கத்துவது மட்டுமே என்பதை இறங்குவதற்கு முன் உரக்கச் சொல்ல வைக்க வேண்டும்.

இரண்டையும்விட முக்கியமானவர் கரையில் நனையாமல் நிற்கும் பெரியவர். பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர். உயரமான இடம், கையில் கைபேசி இல்லை, படம் எடுப்பதும் அவர் வேலை இல்லை. நீருக்குள் பிள்ளைகளோடு விளையாடும் ஆசிரியரைக் கண்காணிப்பாளராகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர் கண்ணுக்கு அருகிலிருக்கும் தலைகள் மட்டுமே தெரியும்.

எதைக் கையில் வைத்திருப்பது

மூங்கில் கழி, கரையோரத்துக்கு இதுவே முதல். பத்தடிக் கழி ஒன்றைக் குப்புறப் படுத்தபடி நீட்டினால், பிடிப்பவர் இழுத்தாலும் நீங்கள் உள்ளே போக மாட்டீர்கள். கழி கிடைக்காத கொட்டரையில் அந்த வேலையைச் சேலை செய்தது.

கழி எட்டாத தூரத்துக்குக் கயிறு. கப்பல்களில் இருக்கும் மிதவை வளையம் குறைந்தது இரண்டரை கிலோ. பழக்கமில்லாதவர் வீசினால் பாதித் தூரத்தில் விழும், தலையில் பட்டால் காயம். படகு விடுவோர் பயன்படுத்தும், கயிற்றை உள்ளே அடைத்த வீசுபை இலகுவானது, கயிறு சிக்காமல் உருவிக்கொண்டே போகும். வாங்க முடிந்தால் அதைத்தான் வாங்குவேன். முடியாதவர்களுக்கு, மூடி இறுக்கமான பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேனும் 20 மீட்டர் நைலான் கயிறும் போதும். ஒரு டம்ளர் நீரை உள்ளே விட்டு மூடினால் காற்றில் திசைமாறாமல் போகும். தவிப்பவரின் தலைக்கு மேலாக, அவரைத் தாண்டி வீசுங்கள். கயிறு தோளில் விழ வேண்டும். லாரி டியூபை நான் நம்புவதில்லை. காற்று அதை எங்கோ தள்ளிவிடும், நனைந்த கைக்கு வழுக்கும்.

நீந்திப் போய்க் காப்பாற்றுவது கடைசி வழி, பயிற்சி பெற்றவருக்கு மட்டும். அவரும் வெறுங்கையோடு போகக் கூடாது. மிதக்கும் பொருள் ஒன்றை முன்னால் தள்ளிக்கொண்டு போய், எட்ட நின்றே அதைக் கொடுக்க வேண்டும். தவிக்கும் மனிதர் கிடைத்ததைப் பிடித்து ஏறப் பார்ப்பார், அது உங்கள் தலையாகவும் இருக்கலாம்.

கரைசேர்த்த பிறகு ஊரில் இன்னும் நடப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும். இரண்டையும் விட்டுவிடுங்கள். வயிற்றிலிருந்து வரும் நீர் மூச்சுக்குழலுக்குள் போகும், நேரமும் போகும். மூழ்கியவருக்குக் குறைவது பிராணவாயு. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதி, பிறகு மார்பை 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, இப்படியே தொடர வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின மாலை, மைதானத்தில் ஒரு குடத்தை 12 மீட்டர் தள்ளி வைத்து ஒவ்வொரு பெரியவரும் பத்து முறை கயிறு வீசிப் பாருங்கள். முதல் மூன்று வீச்சு பெரும்பாலும் தவறும். தவறியதும் கயிற்றை அழகாகச் சுற்றிக்கொண்டிருக்காமல், காலடியில் வளையமாக இழுத்துப் போட்டபடி உடனே மறுபடி வீசப் பழக வேண்டும்.